பயன்படுத்திய பூட்ஸ், ஒரு ஜோடி

பிப்ரவரி 8

டேய் வாலு,

அக்கா எழுதறேன். இங்க நானும் என் முழங்காலும் நல்லா இருக்கோம். அங்க நீயும் உன் தீராத தும்மலும் எப்படி? அந்தக் குளிர் ஊர்ல காதை மூடிக்கிட்டு நடடா, சொன்னா கேக்கவா போற.

மீட்பு நிலையத்துக்கு இன்னும் சிக்னல் வரல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கீழ இருந்து வர்ற சப்ளை லாரிதான் எனக்குப் போன், தந்தி எல்லாம். அதனால கடிதாசியே போடு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் நான் மலை ஏறும் தேர்வுக்குப் பேர் கொடுத்துட்டேன். சிரிக்காத. பதினோரு வருஷமா ஸ்டோர்ஸ்ல உட்கார்ந்து கயிறு எண்ணிக் கொடுக்கிறேன். மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்த எட்டுப் பேர் மேல போவாங்க, திரும்பி வந்ததும் நான் கயிறை எண்ணி வாங்கி, ஈரம் துடைச்சு, சுருட்டி வைப்பேன். போதும்டா. ஒரு தடவையாவது அந்தக் கயிறோட இன்னொரு முனையில நான் இருக்கணும். நாற்பது முடிஞ்சா பேர் எடுக்க மாட்டாங்க. எனக்கு வர்ற செப்டம்பர்ல முடியுது. இதுதான் கடைசி வாய்ப்பு.

ஜூன் 20 அன்னிக்கு உபகரணச் சோதனை. கயிறு, தலைக்கவசம் எல்லாம் நிலையம் கொடுக்கும். பூட்ஸ் மட்டும் சொந்தமா இருக்கணும், பனியில இரும்புப் பல்லு மாட்டுற விளிம்போட. இங்க எந்தக் கடையிலயும் என் காலுக்குக் கிடையாது. லாரியில கீழ போனப்ப நெட் சென்டர்ல உட்கார்ந்து மூணு கடை ஏறி இறங்கினேன். முதல் கடை என் உயரம், எடை, கால் அளவு, பாதத்தோட வளைவு வரைக்கும் கேட்டு முடிச்சிட்டு, கடைசிப் பக்கத்துல 'உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை'ங்குது. அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ரெண்டாவது கடை அனுப்புச்சு. 'இது ராணுவப் பொருள் இல்லைன்னு எழுதித் தரணும்'னு சுங்கத்துல நிறுத்தினாங்க. நான் லாரி பிடிச்சுக் கீழ போறதுக்குள்ள கெடு முடிஞ்சு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது கடை உன் ஊர்லயே இருக்கு. அதான் உன் விலாசத்தைப் போட்டு ஆர்டர் பண்ணிட்டேன். நாலு வருஷமா சேர்த்த காசுடா, பத்திரம்.

வந்ததும் போட்டுப் பாரு. உன் காலுக்குச் சரின்னா என் காலுக்கும் சரி. அப்பா வாங்கின ஒரே ஜோடி ஷூவை நாம ரெண்டு பேரும் மூணு வருஷம் போட்டோமே, மறந்துட்டியா? எனக்குக் காலைப் பள்ளிக்கூடம், உனக்கு மதியப் பள்ளிக்கூடம். தெருக்குழாய்கிட்ட நான் கழட்ட, நீ மாட்ட. 'பொம்பளைப் புள்ளைக்குப் படகு மாதிரி காலு'ன்னு எல்லாரும் கேலி பண்ணினாங்க, அந்தப் படகுலதான் நீயும் கரை சேர்ந்த.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 3

அன்பு அக்கா,

தும்மல் நல்லா இருக்கு, உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னுச்சு. உன் முழங்காலுக்கு என் வணக்கம். மலை ஏறும்போது அதுகிட்டக் கொஞ்சம் மரியாதையா நடந்துக்க.

பூட்ஸ் வந்துடுச்சு! அடேயப்பா, என்ன பொருள்! பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனை அறை முழுக்க. போட்டுப் பார்த்தேன். கச்சிதம். கழட்டவே மனசு வரல.

இப்ப அனுப்பற விஷயம். நான் வேலை பாக்கிறதே பார்சல் கிடங்குல, எனக்குத் தெரியாத தந்திரமா? புதுசுன்னு எழுதினா உங்க சுங்கத்துல பாதி விலையை வரியாப் பிடுங்கிடுவாங்க. அதனால பார்சல் படிவத்துல 'பயன்படுத்தியது, அன்பளிப்பு'ன்னு எழுதிடுவேன். விலைச் சீட்டையெல்லாம் கழட்டிட்டு, அடியில லேசா மண்ணு தடவி, கயிறைக் கொஞ்சம் கசக்கி விட்டாப் போதும். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. கிடங்கு கன்வேயர் பெல்ட்டுல தினமும் நூறு பெட்டி பாக்கிறேன், தொண்ணூறுல 'பயன்படுத்தியது'ன்னுதான் இருக்கும்.

சரியா? நீ சரின்னதும் அனுப்பிடறேன்.

வேலை பரவாயில்ல. பேச்சுத்துணைதான் இல்ல. எங்க லைன்ல இருக்கிறவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை மேனேஜரோட சேர்ந்து மலை ஏறப் போவாங்க. திங்கக்கிழமை அதே பேச்சு, அதே சிரிப்பு. நான் பக்கத்துல நின்னு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருப்பேன்.

உடம்பைப் பாத்துக்க அக்கா.

வாலு


மார்ச் 21

டேய் வாலு,

முழங்கால் உன் வணக்கத்தை ஏத்துக்கிச்சு. நேத்து பழைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கிட்டு, உள்ள மூணு ஜோடி சாக்ஸ் திணிச்சு, கொடிமரம் வரைக்கும் ஏழு தடவை ஏறி இறங்கினேன். மீட்புக் குழு கேப்டன் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு, 'ஸ்டோர்ஸ்ல ஏதாவது காணாமப் போச்சாம்மா, எதைத் தேடறீங்க?'ன்னு கேக்கிறார். கேக்கட்டும். ஜூன்ல பாப்பார்.

பொய் எழுதறது எனக்குப் பிடிக்கலடா. ஆனா அவ்வளவு வரி கட்டவும் முடியாது. இந்த ஒரு தடவை உன் இஷ்டப்படியே எழுது. மண்ணு தடவறதெல்லாம் வேண்டாம், தோல் பாழாயிடும். ரெண்டு நாள் வீட்டுக்குள்ள போட்டுக்கிட்டு நட, அது போதும். வாசல் தாண்டாத. புதுத் தோல் முதல்ல யார் காலோட பழகுதோ அவங்க காலாத்தான் மாறும்னு இங்க சொல்லுவாங்க. அது என் காலா இருக்கணும்.

தனியா நிக்காதடா. வாய் இருக்கில்ல, நீயே போய்ப் பேசு. உன் வாய்க்கு மலையே இறங்கி வரும்.

சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 14

அன்பு அக்கா,

நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை எழுதியிருக்க வேண்டியது, நேரம் கிடைக்கல.

பூட்ஸ் அனுப்பி ரெண்டு வாரம் ஆச்சு. நம்பர் கீழ எழுதியிருக்கேன், பதிமூணு இலக்கம். இங்க பார்த்தா 'எல்லை தாண்டியது'ன்னு காட்டுது. இனிமே உங்க பக்கத்துச் சுங்கம்தான். அவங்க எப்ப விடுவாங்களோ, அது அவங்களுக்கே தெரியாது. நீ கவலைப்படாம பயிற்சி பண்ணு.

ஒரு நல்ல செய்தி. என்னை லைன் மேற்பார்வையாளரா ஆக்கியிருக்காங்க! மேனேஜர் கூப்பிட்டுத் தோள்ல தட்டினார். இப்ப எல்லாரும் நல்லாப் பேசறாங்க. நீ சொன்னபடி நானே போய்ப் பேசினேன், அவ்வளவுதான்.

ஏத்தத்துல மூச்சை மூக்கால இழு, வாயால விடு. குதிகாலை முதல்ல ஊனாத. எங்கேயோ படிச்சேன்.

வாலு


மே 8

டேய் மேற்பார்வையாளர் சார்,

அக்காவோட சலாம். தோள்ல தட்டின மேனேஜர் கை நல்லா இருக்கட்டும். செய்தி படிச்சதும் ஸ்டோர்ஸ்ல எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். 'தம்பிக்கு உத்தியோக உயர்வு'ன்னு சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. கேப்டன் பாத்துட்டார், வெங்காயம் நறுக்கினேன்னு சமாளிச்சேன். டீக்கு எதுக்குடா வெங்காயம்?

பூட்ஸ் இன்னும் வரல. போன வாரம் லாரியில தொத்திக்கிட்டுச் சுங்க அலுவலகத்துக்கே போயிட்டேன், அது ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். அங்க ஒரு அதிகாரி, ஒல்லியா, கண்ணாடியை மூக்கு நுனியில வச்சுக்கிட்டு. நீ எழுதின நம்பரைத் தட்டிப் பாத்தார். 'இந்த நம்பர்ல வந்தது குழந்தைத் தள்ளுவண்டி. வேற ஒருத்தருக்கு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் ஆயிடுச்சு'ங்கிறார். 'தள்ளுவண்டியில ஏறி மலை ஏற முடியுமா?'ன்னு சத்தம் போட்டேன். சிரிக்கல அந்த மனுஷன். 'அனுப்பினவரை நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்க அம்மா'ன்னு மட்டும் சொன்னார்.

அங்க இருந்தே உனக்குப் போன் அடிச்சேன், மூணு தடவை. எடுக்கல. ஞாயித்துக்கிழமைதானே, தூங்கிக்கிட்டு இருந்தியா?

ஏதாவது ஒரு இலக்கம் மாத்தி எழுதியிருப்ப. சரியான நம்பரை எழுது. இன்னொண்ணு. கேப்டனோட மச்சினர் உன் ஊர்லதான் இருக்கார், ஜூன் முதல் வாரம் இங்க வர்றார். அதே பூட்ஸ் இன்னொரு ஜோடி அவரை வாங்கிட்டு வரச் சொல்லட்டுமான்னு கேப்டன் கேக்கிறார். கடன்தான், அப்புறம் கொடுத்துக்கலாம்கிறார். என்ன சொல்ற? உடனே எழுது.

உன் அக்கா


மே 25

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. போன் அன்னிக்குச் சார்ஜ் இல்ல.

நம்பர் சரியாத்தான் எழுதினேன். உங்க சுங்கத்துக்காரங்க சொல்றதை நம்பாத. நானும் இதே தொழில்லதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா? நல்ல பொருளாப் பாத்துப் பிரிச்சு எடுத்துக்குவாங்க, அப்புறம் 'தள்ளுவண்டி'ம்பாங்க, 'தண்ணித் தொட்டி'ம்பாங்க. அந்தக் கண்ணாடிக்காரர் முகத்தைப் பாத்தாலே தெரியலையா? மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதிப் போடு. பேர் போட்டே எழுது. பயந்துட்டு விட்டுடுவாங்க.

இன்னொரு ஜோடி வேண்டவே வேண்டாம். எதுக்கு வீண் கடன்? கேப்டன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. நான் இங்க இருந்து அழுத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கேன். ஜூன் பத்துக்குள்ள வந்துடும், என் பொறுப்பு. என்னை நம்பு.

வாலு


ஜூன் 7

தம்பி,

நலம்தான். நீயும் நலமா இருப்பேன்னு நினைக்கிறேன்.

நீ சொன்னபடி கேப்டன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் மச்சினர் நேத்து வந்து இறங்கிட்டார், வெறுங்கையோட. நீ சொன்னபடி புகாரும் ஜூன் 5 அன்னிக்கு எழுதிப் போட்டுட்டேன், அந்த அதிகாரி பேர் போட்டு, 'என் பார்சலைப் பிரித்து எடுத்துக்கொண்டார்'னு. போட்டதுல இருந்து மனசே சரியில்ல. அந்த மனுஷன் அன்னிக்கு எனக்காக வேற மூணு பதிவேடு புரட்டிப் பாத்தார்டா. திருடினவன் அப்படிப் புரட்டுவானா?

ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நீ அனுப்பினப்ப ரசீது ஒண்ணு கொடுத்திருப்பாங்க இல்ல? அதைப் போட்டோ எடுத்துக் கீழ மளிகைக்காரர் போனுக்கு அனுப்பு. லாரிக்காரர் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்துடுவார். வேற எதுவும் எழுத வேண்டாம். ரசீது மட்டும்.

இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு.

அக்கா


ஜூன் 26

தம்பிக்கு,

ரசீது வரல. மளிகைக்காரரைத் தினமும் நிலையத்து வயர்லெஸ்ல கேட்டேன். 'இன்னிக்கும் இல்லம்மா'ன்னு சொல்லிச் சொல்லிக் கடைசியில அவரே வருத்தப்பட ஆரம்பிச்சுட்டார். உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்து கீழ இறங்கிப் போன் அடிச்சேன். மணி அடிச்சுது, அப்புறம் யாரோ நிறுத்தினாங்க. யாரோ நிறுத்தினா நீ உயிரோடதான் இருக்கன்னு அர்த்தம். அந்த மட்டும் நிம்மதி.

சோதனை முடிஞ்சுது. எப்படின்னு நீ கேக்கல, நானே சொல்றேன். மீட்புக் குழுவுல நாலாவது ஆளாக் கயிறு பிடிக்கிறவர் தன்னோட பூட்ஸை இரவல் கொடுத்தார். ரெண்டு அளவு சின்னது. விரலை மடக்கித் திணிச்சுக்கிட்டு வரிசையில நின்னேன். ஏழு பேர் தேறினாங்க. சோதனை அதிகாரி என் முன்னால குனிஞ்சு கட்டை விரலால பூட்ஸ் நுனியை அழுத்தினார். ஒரே அழுத்துதான். நிமிர்ந்து, 'இது உங்களோடது இல்ல'ன்னார். 'என்னோடது சுங்கத்துல இருக்கு சார்'னேன். வரிசையில யாரோ சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. 'இந்த பூட்ஸோட மேல போனா உங்களைத் தூக்கிட்டு வர இன்னொரு குழு போகணும்'னார். நியாயம்தானே? நானே ஸ்டோர்ஸ்ல எத்தனை பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கேன்.

பட்டியல்ல என் பேர் மேல கோடு போட்டாங்க. நேர்கோடு, ஸ்கேல் வச்சு.

சாயங்காலம் இரவல் பூட்ஸைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு, வழக்கம்போலக் கயிறு எண்ணினேன். இருபத்திரெண்டு. சரியா இருந்துச்சு.

உனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லு. நான் எதுவும் கேக்கல.

அக்கா


ஜூலை 12

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சு அழுதேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. உடம்பு நல்லா இருக்கான்னு கேக்கக்கூட வெக்கமா இருக்கு.

உண்மையைச் சொல்லிடறேன். நான் பூட்ஸை அனுப்பவே இல்ல. தள்ளுவண்டி நம்பர் பெல்ட்டுல பாத்து எழுதினது. திட்டிக்க. ஆனா ஏன்னு கேளு. பயம் அக்கா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். நீ பனியில கயிறைக் கட்டிக்கிட்டுத் தொங்கறதை நினைச்சுக்கிட்டே பெட்டியைக் கட்டுவேன், திரும்பப் பிரிப்பேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல, நடுவுல ஒரு அடி அகலத்துக்குப் பனி. அதுல காத்து அடிச்சா காது அடைச்சுப் போகும், பக்கத்துல இருக்கிறவன் கத்தறதுகூடக் கேக்காது. அதுல நீ எப்படி நடப்ப? 'அனுப்பாத'ன்னு மனசு சொல்லுச்சு. உன் மேல இருக்கிற பாசத்துல பண்ணினது. வேற எந்தக் காரணமும் இல்ல.

பூட்ஸைத் தொடவே இல்ல. பெட்டியில அப்படியே இருந்துச்சு. ஜூலை 1 அன்னிக்கு அனுப்பிட்டேன், இப்ப நிஜமாவே. அடுத்த வருஷம் வயசு வரம்பைத் தளர்த்தச் சொல்லி மனு போடு. நானே எழுதித் தர்றேன்.

மன்னிச்சுடு அக்கா.

உன் வாலு


ஜூலை 19

அனுப்புநர்: சுங்க ஆய்வு அலுவலர், பார்சல் பிரிவு
பெறுநர்: ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், மலை மீட்பு நிலையம்

அம்மையீர்,

தாங்கள் மே மாதம் நேரில் விசாரித்த பார்சல் தொடர்பாக எழுதுகிறேன். தங்கள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் இன்று எம் பிரிவுக்கு வந்துள்ளது. அனுப்பிய தேதி ஜூலை 1. இதற்கு முன் தங்கள் பெயரில் வேறு பார்சல் எதுவும் பிப்ரவரிக்குப் பின் பதிவாகவில்லை. ஆறு பதிவேடுகளையும் முழுமையாகப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

படிவத்தில் 'பயன்படுத்தியது' என்று குறிப்பிட்டிருந்ததால், அது உண்மைதானா என்று அறிய விதிப்படி பார்சலைப் பிரித்தோம். வரிக்காகப் பலர் புதிய பொருளை அவ்வாறு எழுதுவது உண்டு. இதில் அப்படி இல்லை. கண்ட விவரம்:

தோல் பூட்ஸ், ஒரு ஜோடி. அடிப்பாகம் நன்கு தேய்ந்துள்ளது, குறிப்பாக இடது குதிகாலின் வெளிப்புறம். விளிம்பில் இரும்புப் பல் மாட்டிய கீறல்கள். வலது காலில் கயிறு ஒரு முறை மாற்றப்பட்டுள்ளது. இடது பூட்ஸின் நாக்குக்கு அடியில் முடிச்சுப் போட்டுக் கட்டிய மலைப்பாதை நுழைவு அட்டை ஒன்று. அதில் தேதியிட்ட ஒன்பது துளைகள், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். முதல் தேதி மார்ச் 9, கடைசித் தேதி ஜூன் 22.

பயன்படுத்தியது உறுதியானதால் வரி இல்லை. நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

தாங்கள் என் மீது அளித்த புகார் தனியே விசாரணையில் உள்ளது. அதற்கும் இக்கடிதத்துக்கும் தொடர்பில்லை.

அலுவலக நடைமுறையில் இல்லாத ஒரு வரி: தங்களுக்கு இந்த பூட்ஸ் ஜூன் மாதம் தேவைப்பட்டது என்று சொன்னது நினைவிருக்கிறது. வருந்துகிறேன்.

இப்படிக்கு,
சுங்க ஆய்வு அலுவலர்


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கல. நீ நல்லாத்தான் இருப்ப.

உன் கடிதமும் சுங்கத்துக் கடிதமும் ஒரே லாரியில வந்துச்சு. முதல்ல உன்னோடதைப் படிச்சேன். சத்தியமாச் சொல்றேன், படிச்சு உருகிட்டேன். 'பாவிப் பய, பயந்துட்டானே'ன்னு வாய்விட்டுச் சொன்னேன். உனக்கு 'பரவாயில்லடா'ன்னு ரெண்டு வரி எழுதக்கூட ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் ரெண்டாவது கவரைப் பிரிச்சேன்.

மார்ச் 9. 'வீட்டுக்குள்ள ரெண்டு நாள் நட, வாசல் தாண்டாத'ன்னு நான் எழுதினதே மார்ச் 21. என் கடிதம் உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நீ மலையில இருந்திருக்க. நான் ரப்பர் பூட்ஸுக்குள்ள மூணு சாக்ஸ் திணிச்சுக்கிட்டுக் கொடிமரத்துக்கு ஏறி இறங்கினப்ப, நீ என் பூட்ஸோட மேனேஜர் பின்னால ஏறிக்கிட்டு இருந்திருக்க. நான் டீ போட்டுக் கொடுத்துக் கொண்டாடினேனே, அந்த உத்தியோக உயர்வு என் காலால வந்ததுடா. அந்த ஒரு அடி அகலப் பனியும், காது அடைக்கிற காத்தும் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுது. அவ்வளவு சரியா, பதினோரு வருஷமா இங்க இருக்கிற எனக்குக்கூட எழுத வராது.

திருடினதை விடு. தள்ளுவண்டியை விடு. கேப்டன் மச்சினரை வெறுங்கையோட வரவச்சியே, அதைக்கூட ஒரு நாள் மறப்பேனோ என்னவோ. ஆனா எல்லாம் முடிஞ்ச பிறகு பாசத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட பாரு, அது என்னால முடியலடா. அப்பா அம்மாவையும் இழுத்துட்டு வந்து நிறுத்தின.

போன புதன்கிழமை சுங்க அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார். என்னால உட்கார முடியல. விசாரணை முடியற வரைக்கும் அவரைப் பார்சல் அறைக்குள்ள தனியா விடறதில்ல. அவர் உள்ள போகும்போதெல்லாம் பின்னால ஒரு காவலாளி போறான். இருபத்தாறு வருஷ சர்வீஸாம். புகாரைத் திரும்பப் பெறணும்னா காரணம் எழுதித் தரணும்னாங்க. 'தகவல் தவறுன்னு எழுதினாப் போதும் அம்மா'ன்னு அவரே மெதுவாச் சொன்னார். அந்த மனுஷனுக்கு அப்பவும் என் மானத்துல அக்கறை. நான் அப்படி எழுதல. 'என் தம்பி என்னிடம் பொய் சொன்னான், அதை நம்பி ஒரு நல்லவர் மீது புகார் கொடுத்தேன்'னு எழுதினேன். 'தம்பி' வரைக்கும் எழுதிட்டுக் கை நின்னுடுச்சு. பேனாவுல மை இல்லையோன்னு அவர் வேற பேனா கொடுத்தார்.

அப்புறம் அங்க இருந்த பெஞ்சுல உட்கார்ந்து பூட்ஸைப் போட்டுப் பாத்தேன். நாலு வருஷம் சேர்த்து வாங்கினதாச்சே, ஒரு தடவையாவது போட்டுப் பாக்க வேண்டாமா? சேரல. அளவு சரிதான். ஆனா இடது சுண்டு விரல்கிட்ட உன் புடைப்பு, குதிகால்ல உன் சாய்வு. நாலு அடி நடந்ததும் உரசி எரிஞ்சுது. அன்னிக்கு அப்பா வாங்கின ஷூ நம்ம ரெண்டு பேர் காலுக்கும் பழகியிருந்துச்சு. இது உன் காலா மட்டும் மாறியிருக்கு.

தெருக்குழாய் ஞாபகம் இருக்கில்ல? மதியம் பன்னெண்டரை மணிக்குக் கழட்டிக் கொடுத்துட்டு, தார் ரோட்டுல வெறுங்காலோட வீட்டுக்குப் போனது நான். நிழல் விழற இடமாப் பாத்துக் குதிச்சுக் குதிச்சுப் போவேன். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட அது எனக்குக் கஷ்டமாத் தெரியல. நீ கையை நீட்டிக்கிட்டு நிப்ப, நான் கொடுப்பேன். அவ்வளவுதான்.

'கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேனே'ன்னு எழுதுவேன்னு நினைச்சிருப்ப. இல்ல. இந்த ஒரு தடவை நீ கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். அதனாலதான் நீ கேக்கல.

பூட்ஸைத் திருப்பி அனுப்பிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாடியே வந்து சேரும், ரசீது உள்ள வச்சிருக்கேன், சரியான நம்பரோட. உன் நுழைவு அட்டையையும் அதே இடத்துல கட்டியிருக்கேன். பத்தாவது ஞாயித்துக்கிழமைக்கு உதவும்.

நாளைக்குத் தேர்வான ஏழு பேரும் முதல் தடவையா மேல போறாங்க. கயிறு நான்தான் எண்ணிக் கொடுக்கணும்.

பார்சல் படிவத்தை நானே நிரப்பினேன். பொருள்: பூட்ஸ், ஒரு ஜோடி. நிலை: பயன்படுத்தியது. அனுப்பும் காரணம்: உரியவருக்குத் திருப்பி அனுப்புதல். கடைசியா ஒரு கட்டம், 'பெறுநர் உங்களுக்கு என்ன உறவு?' ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். வரிசையில என் பின்னால ஆறு பேர். கீழ, 'மேலே எழுதியது அனைத்தும் உண்மை'ன்னு அச்சடிச்சிருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல நான் கையெழுத்துப் போடணும். அதனால 'தம்பி'ன்னு எழுதினேன்.

இப்படிக்கு,
ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்,
மலை மீட்பு நிலையம்